காய்ச்சலை மறைக்க வைத்த புத்தகம்

1

சித்திக்கு இரண்டாவது கீமோ ஏற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்று காலையிலிருந்தே அவளுக்குக் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி பாத்ரூமுக்குப் போக எழுந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. தெர்மாமீட்டர் 102 காட்டியது.

கீமோ எடுத்தவர்களுக்கு முதல் வாரம் தாண்டியதும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து கிடக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே நேரம் காலம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். டாக்டர் சொல்லியிருந்தார். கையில் கொடுத்த தாளிலும் அச்சடித்திருந்தது. சித்திக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றரை நாள் மறைத்திருக்கிறாள்.

ஐந்து நாள் உள்ளே வைத்து ஆன்டிபயாடிக் ஏற்றி அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன், "ஏன் சித்தி சொல்லல?"

"நோவப் பத்தி வாயால சொன்னா அது இன்னும் வளரும்னு அந்த புக்குல போட்டிருந்துச்சில்ல. அதான், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு நெனச்சிக்கினே படுத்துக்கினேன்."

அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தது நான்தான். தன்னம்பிக்கை நூல். எனக்கு ஒரு வேலை கிடைக்காமல் போன சமயத்தில் அது எனக்குத் தெம்பு கொடுத்திருந்தது. அதே தெம்பு அவளுக்கும் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் புத்தகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பெயரைவிட அதன் வகைதான் முக்கியம். மார்பகப் புற்றோடு வாழ்கிற ஒருவருக்கு எந்தப் புத்தகம் உதவும், எது உதவுவதுபோல வந்து கெடுக்கும்? அதற்குப் பிறகான ஒன்றரை வருடத்தில் சித்தியோடு உட்கார்ந்து படித்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது ரமணாசிரமத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களில் ஒன்று. எங்கள் பகுதியில் புத்தகத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஆசிரமத்தின் புத்தக நிலையம் இருக்கிறது. செங்கம் சாலையில் ஊதுபத்தியும் ருத்திராட்சமும் விற்கிற கடைகளில்கூட நாலு அடுக்குப் புத்தகம் இருக்கும். சீசனுக்கு வந்துபோகிற வெளிநாட்டுக்காரர்கள் படித்து முடித்ததை காபி கடை அலமாரியில் விட்டுவிட்டுப் போவார்கள். மனதைப் பற்றி இத்தனை புத்தகம் குவிந்து கிடக்கும் தெரு தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்று தெரியாது. உடம்பைப் பற்றித் தேடினால் அதே தெருவில் கை வெறுமையாகத்தான் திரும்பும்.

நான் கொடுத்த வகையில் உலகம் முழுக்கப் புகழ் பெற்றது ரோண்டா பைர்னின் 'தி சீக்ரெட்' (2006). நாகலட்சுமி சண்முகத்தின் மொழிபெயர்ப்பில் தமிழில் 'இரகசியம்' என்று வந்து சக்கைப்போடு போட்ட நூல். அதில் மார்பகப் புற்று வந்த ஒரு பெண்ணின் கதை உண்டு. தான் ஏற்கெனவே குணமாகிவிட்டதாக அவர் நம்புகிறார். சிரிப்புப் படங்களாகப் பார்க்கிறார். கதிர்வீச்சும் கீமோவும் இல்லாமல் மூன்று மாதத்தில் நோய் போய்விட்டது என்கிறார். அதற்கும் முன்னோடி லூயிஸ் ஹே. அவருடைய 1984ஆம் வருடத்து நூல், நெடுநாள் மனக்கசப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாக வைக்கிறது.

இந்தப் புத்தகங்களை அறிவியல் பூர்வமாக மறுப்பது சுலபம். எனக்கு அவற்றின் மொழிதான் இப்போது உறுத்துகிறது. எல்லா வாக்கியமும் ஏவல். நினை, நம்பு, சிரி, மன்னித்துவிடு. ஏவலுக்குப் பின்னாலேயே ஒரு வாக்குறுதி வரும்: நினைத்தால் நடக்கும். ஆரோக்கியமாக இருக்கிறவன் இந்த வாக்கியத்தின் முதல் பாதியோடு நின்றுவிடுவான். நோயாளிக்கு அதன் மறுபாதியும் கேட்கிறது. நடக்கவில்லை என்றால் நீ சரியாக நினைக்கவில்லை. அறுவைக்குப் பிறகு வந்த ரிப்போர்ட்டில் அக்குளிலும் நோய் பரவியிருந்ததாகப் போட்டிருந்தபோது சித்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நான் எங்கடி தப்பா நெனச்சேன்?"

இந்தக் கேள்விக்கான பதில் எங்கள் தெருவிலேயே இருந்தது. ரமணருக்கு வந்தது புற்றுநோய். 1948 கடைசியில் இடது முழங்கைக்கு அருகில் சின்னதாக ஒரு கட்டி. 1949 பிப்ரவரியில் அறுத்தெடுத்தார்கள். திரும்ப வந்தது. மார்ச்சில் மறுபடி அறுவை. சார்கோமா என்று தெரிந்தது. ஆகஸ்டில் மூன்றாவது, டிசம்பரில் நான்காவது. ரேடியம் வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் அவர் மறுத்தார். மற்றபடி அலோபதி, ஹோமியோபதி, நாட்டு வைத்தியம் என்று பக்தர்கள் யாரைக் கூட்டிவந்தாலும் இடம் கொடுத்தார். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு உயிர் பிரிந்தது.

கெட்ட எண்ணத்தால்தான் புற்று வருகிறது என்றால் இந்த மனிதரை எந்தக் கணக்கில் வைப்பது? மனதை அடக்குவது எப்படி என்று கேட்டு உலகமே யாரிடம் வந்து நின்றதோ, அவருடைய கையில் அது வளர்ந்தது. ஆசிரமத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அலமாரிகளில் இந்தப் புத்தகங்கள் விற்கின்றன. வாங்குகிற நாமும் இதை யோசிப்பதில்லை. நானே யோசிக்கவில்லை.

ஆனால் இதே வரலாறு வேறு மாதிரியும் பயன்படுகிறது. சித்தியைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "பகவானுக்கே வந்துச்சும்மா" என்று ஆரம்பித்தார்கள். அதுவரை ஆறுதல். அடுத்த வரி, "அவரு ஒரு வார்த்தை வலிக்குதுன்னு சொன்னாரா?" இப்போது அது அளவுகோல் ஆகிவிட்டது. ஒருநாள் சித்தி பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். "அவரு பகவான். நான் டைலரு. எனுக்கு வலிக்குது."

3

சித்தி எங்கள் பகுதியில் இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள். பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்துக்கொண்டோம். நான் ஆங்கிலத்தில் படித்துவிட்டு சாயங்காலம் அவளுக்குத் தமிழில் சொல்வேன். பிடிக்கவில்லை என்றால் "போதும், மூடு" என்பாள். என் விமரிசனப் பயிற்சி அங்கேதான் நடந்தது.

முதலில் எடுத்தது சூசன் சொண்டாக்கின் 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்' (1978). சொண்டாக்குக்கு 1975இல் மார்பகப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் நூலுக்குள் தன் நோயைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. காசநோயையும் புற்றுநோயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு நோயை மனிதர்கள் எப்படி உருவகமாக்குகிறார்கள், அந்த உருவகம் எப்படி நோயாளியின்மேல் பழியாக இறங்குகிறது என்று காட்டுகிறார். அடக்கிவைத்த உணர்ச்சிதான் கட்டியாக வருகிறது என்ற நம்பிக்கை அவருடைய முக்கியமான இலக்கு.

தமிழில் இந்த வேலையை யாராவது விரிவாகச் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் நோயின் பெயருக்குள் இருப்பது நண்டு. நம் பெயரில் இருப்பது புற்று. நாம் பால் ஊற்றிக் கும்பிடுவது, உள்ளே பாம்பு இருக்குமோ என்று பயப்படுவது, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் வளர்வது. "புற்று" என்று சொன்ன உடனேயே இது எல்லாம் கூட வந்துவிடுகிறது. சினிமா இன்னொரு பக்கம். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தில் புற்றுநோய்க்காரன் பிழைத்து டாக்டர் இறந்துபோகிறார். அது அபூர்வம். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) போல நாயகனைக் கடைசியில் கொல்வதற்காகவே நோய் வருகிற கதைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் தலைக்குள் ஓடுவது அந்தக் கிளைமாக்ஸ்தான்.

சொண்டாக் எனக்குக் கண்ணைத் திறந்தது. சித்திக்கு? அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "இந்தம்மா நல்லா பேசுது. ஆனா அதுக்கு வாந்தி வந்துச்சா இல்லையா?" என்றாள். நியாயமான விமரிசனம். அந்த நூலில் உடம்பு இல்லை. பழியைத் துடைக்கிறது, பக்கத்தில் உட்காருவதில்லை.

பார்பரா ஏரன்ரைக் உட்கார்ந்தார். 2000இல் அவருக்கு நோய் தெரிந்தது. 2001இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், தன் கைக்கு வந்து சேர்ந்த ரோஸ் ரிப்பன்கள், கரடி பொம்மைகள், நோய் ஒரு வரம் என்கிற பேச்சு எல்லாவற்றின்மேலும் கோபத்தைக் கொட்டினார். அது 2009இல் 'பிரைட்-சைடட்' என்ற நூலாக விரிந்தது. நோயாளிக்குக் கோபப்பட உரிமை உண்டு என்பதுதான் அதன் சாரம். "கரடி பொம்மையா? எனக்கு ஒருத்தரும் குடுக்கலையே" என்று சித்தி சிரித்தாள். நோய் வந்தபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மனதை உயர்த்துவதற்கென்றே எழுதிய புத்தகத்தால் முடியாததை ஒரு கோபக்காரியின் கட்டுரை செய்தது.

4

'கிரேஸ் அண்ட் கிரிட்' (1991) நூல் காபி கடை அலமாரியில் கிடைத்தது. எழுதியவர் கென் வில்பர். ரமணரை மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் பேசுகிற அமெரிக்க எழுத்தாளர். எங்கள் தெருவுக்கு அந்தப் புத்தகம் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. 1983இல் அவருக்கும் ட்ரெயாவுக்கும் திருமணம். பத்து நாளில் ட்ரெயாவுக்கு மார்பகப் புற்று என்று தெரிகிறது. 1989 ஜனவரியில் அவர் இறக்கும் வரையான ஐந்து வருடத்தை வில்பரின் விவரிப்பும் ட்ரெயாவின் நாட்குறிப்பும் மாறி மாறிச் சொல்கின்றன.

நூலின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வில்பர் தத்துவம் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மனைவி வலியில் படுத்திருக்க, இவர் பக்கம் பக்கமாகச் சமயங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த இடங்களைத் தாண்டிக் குதித்துத்தான் சித்திக்குச் சொன்னேன். ஆனால் அதே மனிதர், பார்த்துக்கொள்கிறவனாக இருந்ததில் தான் நொறுங்கிப்போனதையும், குடித்ததையும், ஒருமுறை மனைவியைக் கை நீட்டி அடித்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நோயாளிக்குத் துணை இருப்பவர்களைத் தியாகச் செம்மலாக்கும் நம் வழக்கத்துக்கு நடுவே இது பெரிய விஷயம்.

இந்த நூலின் உயிர் ட்ரெயா எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. எப்படிப்பட்ட உதவி உண்மையில் உதவுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அவரைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஆன்மிகத்திலும் மனவியலிலும் ஊறியவர்கள். அவர்கள் அன்போடு கேட்ட கேள்வி, இந்த நோயை நீ ஏன் உனக்கு வரவழைத்துக்கொண்டாய் என்பது. அந்தக் கேள்வி எப்படிக் குத்தியது என்று எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை. முன்பு நோய்வாய்ப்பட்ட மற்றவர்களிடம் தானும் இதே தத்துவத்தை நீட்டியிருப்பதை ஒப்புக்கொள்கிறார். அடுத்தவரின் நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நம் பயத்துக்கு நாமே போட்டுக்கொள்ளும் மருந்து: அவளுக்கு அதனால் வந்தது, நான் அப்படி இல்லை, எனக்கு வராது.

இதைப் படித்த அன்று என்னால் சித்திக்குச் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்தது. நான் அவளுக்கு அந்தத் தன்னம்பிக்கை நூலைக் கொடுத்தது அவளுக்காகத்தானா? அவள் பயப்படுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொல்லும் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தால் எனக்கு வேலை மிச்சம். அவள் காய்ச்சலை மறைத்தது புத்தகம் சொன்னதால் மட்டும் இல்லை. நாங்கள் யாரும் கேட்கத் தயாராக இல்லை என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து இதைச் சொன்னபோது, "தெரியும்டி. நீ தட்டு எடுக்கறப்போகூட மூஞ்சியப் பாக்கமாட்ட" என்றாள்.

5

ஆட்ரி லார்டின் 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' (1980) சின்னப் புத்தகம். லார்ட் கருப்பினக் கவிஞர், பெண்களை நேசித்த பெண். 1978இல் ஒரு மார்பகம் நீக்கப்பட்டு மருத்துவமனையில் கிடக்கும்போது, தன்னார்வலராக ஒரு பெண் வந்து கம்பளி அடைத்த செயற்கை மார்பு ஒன்றைத் தருகிறார். அதன் நிறம் வெளிர் ரோஸ். லார்டின் தோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில நாள் கழித்து அது இல்லாமலேயே டாக்டரைப் பார்க்கப் போகிறார். இங்கே வருபவர்களின் மனத்தெம்பு குலையும், அதை வைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார் நர்ஸ். ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிய இஸ்ரேல் அமைச்சர் மோஷே தயானிடம் யாராவது கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்று திருப்பிக் கேட்கிறார் லார்ட். எல்லோரும் பஞ்சு வைத்து மறைத்துக்கொண்டால், இந்த அறுவையைக் கடந்த பெண்கள் தெருவில் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பது அவருடைய வாதம்.

இந்தப் புத்தகத்தைச் சித்தி இரண்டு முறை சொல்லச் சொன்னாள். பிறகு டைலராகப் பேசினாள். "எவளுக்கும் ரெண்டும் ஒரே அளவு இருக்காது. இருபது வருஷமா அளவு எடுக்கறேன், எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் அரை இஞ்சு விட்டுத் தைச்சிக் குடுப்பேன். அவளுக்கே தெரியாது." தனக்கான ஜாக்கெட்டை அவளே வெட்டினாள். பழைய பருத்திப் புடவைத் துணியை மடித்து உள்ளே ஒரு பை வைத்தாள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் அதில் பஞ்சு வைப்பாள். வீட்டில் வைப்பதில்லை. லார்டோடு முழுதாக ஒத்துப்போகவும் இல்லை. "வைக்கறதும் வைக்காததும் அவங்கவங்க இஷ்டம். ஆனா வேணுமான்னு கேக்கணும் இல்ல?"

ஒரு புத்தகம் உதவியது என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான். படித்தவள் அதோடு சண்டை போட முடிகிறது. ஏவல் வாக்கியத்தோடு அது முடியாது. கீழ்ப்படியலாம், இல்லையென்றால் தோற்றுப்போகலாம்.

லார்டைப் படிக்கும்போது எங்கள் ஊர் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. இங்கே அம்மனின் பெயரே உண்ணாமுலை. சம்பந்தரின் அண்ணாமலைப் பதிகம் அவள் பெயரில்தான் தொடங்குகிறது. பெண்ணுக்கு, கடைக்கு, தெருவுக்கு அந்தப் பெயரை வைத்து ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறோம். அதே ஊரில் சித்தி கட்டி இருப்பதை நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் இடத்தில் "நெஞ்சுல கட்டி" என்று சொல்லி, நெஞ்சுவலிக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்கு எவ்வளவு வசை வாங்கினார் என்பது நமக்குத் தெரியும். இதை வெறும் இலக்கியச் சண்டையாக நினைத்திருந்தேன். இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று வந்ததாக மதிப்பீடு. இவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லை வாயில் எடுக்க முடியாமல் மாதங்களை இழந்திருப்பார்கள்?

கார்த்திகை தீபத்தன்று மலைமேல் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்னால் அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிடம் ஆடிவிட்டு உள்ளே போவார். அந்தச் சில நிமிடத்துக்காகக் கூட்டம் நெரியும். போன தீபத்துக்கு டிவியில் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, "இவருக்கும் ஒரு பக்கந்தான்" என்றாள். கேலியா பக்தியா என்று நான் கேட்கவில்லை.

6

கடைசியாக இரண்டு புத்தகங்கள். ஒன்று, சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மேலடீஸ்' (2010). தடிமனான நூல், முழுக்கச் சொல்ல முடியாது. ஆனால் சித்தியை ஒரு பயம் ராத்திரியில் தூங்கவிடாமல் பண்ணிக்கொண்டிருந்தது: "இன்னும் நெறைய அறுத்து எடுத்திருந்தா திரும்பி வராதோ?" இதே எண்ணத்தில்தான் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மார்புத் தசை வரைக்கும் வெட்டி எடுத்தார். பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. பிறகு பெர்னார்ட் ஃபிஷர் பெண்களை முறையாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்து, கூடுதலாக வெட்டுவதால் கூடுதல் நாள் உயிர் வாழ்வதில்லை என்று நிரூபித்தார். இதைச் சொன்ன அன்று சித்தி, "அப்ப எனுக்குக் கொறச்சலா எடுக்கல" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒரு தகவல் தந்த நிம்மதி அது. உற்சாக வார்த்தை எதுவும் அதில் இல்லை.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த பன்னிரண்டு பக்கச் சிற்றேடு. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை வீங்கலாம், அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சித்திக்கு அறுவை வலப்பக்கம். ஊசியோடு வாழ்கிற கை. சிற்றேட்டைப் படித்த பிறகுதான் விரலுக்கு உறை மாட்டித் தைக்கப் பழகினாள். அது இப்போதும் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது, எண்ணெய்க் கறையோடு. இலக்கியம் ஆகாதுதான். ஆனால் நான் கொடுத்ததைவிட அது மரியாதையான புத்தகம். அவளைப் பயப்படாதே என்று அதட்டவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொன்னது.

நான் சொன்ன புத்தகங்களில் இந்தச் சிற்றேட்டைத் தவிர எல்லாம் ஆங்கிலம் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு தமிழ்ப்பெண்ணின் நான்கு மாத மௌனத்தையும், தவறான வரிசையில் உட்கார்ந்த காலையையும், ஜாக்கெட்டுக்குள் வைத்த பையையும் லார்டால் எழுத முடியாது. நம்மில் ஒருத்திதான் எழுத வேண்டும். அது மீண்டு வந்த வெற்றிக்கதையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அதுவரை, யாருக்காவது புத்தகம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் நீங்கள் ஒருமுறை படியுங்கள். 102 டிகிரி காய்ச்சலில் படுத்திருக்கிற ஒருத்தி இந்தப் பக்கத்தைப் படித்தால் உங்களைக் கூப்பிடுவாளா, வாயை மூடிக்கொள்வாளா என்று யோசித்துப் பாருங்கள்.

சித்தி இப்போது தினம் ஒரு மாத்திரையில் இருக்கிறாள். மறுபடி ஜாக்கெட் தைக்கிறாள், முன்பைவிடக் குறைவாக. நான் கொடுத்த அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் என்றேன். "காசு குடுத்து வாங்குனது" என்று வைத்துக்கொண்டாள். வெட்டிய துணி பறக்காமல் இருக்க மேலே வைக்கிறாள்.